டயகம பஸ்ஸில் ஒரு குரல்

ஜூலை 8, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். ஹட்டன் டவுனே தெரியவில்லை. வாங்க வேண்டியவை: குடை, மூட்டுவலித் தைலம், காலைக்குப் பாண்.

அலுவலகத்தில் இன்னும் இண்டர்நெட் இல்லை. தேயிலைத் தோட்டப் பெண்கள் எங்கள் அமைப்பிடம் சொன்ன முறைப்பாடுகளின் ஒலிப்பதிவுகளைக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். உதவியாளர் சுகந்தி தன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், கீழே கொமியுனிகேஷன் கடையிலிருந்து அனுப்பிவிட்டு வந்தாள்.

"உன் சொந்தமா அது?"

"ஆமா மிஸ். ஆபீஸ் பென்னுதான் தொலைஞ்சு போச்சே."

விட்டுவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

தோட்டக் கூட்டத்துக்காக டயகம போகும் பஸ். நனைந்த சீட். ஓட்டியவர் சுகந்தியின் மச்சான். காது கிழியப் பாட்டு.

ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது பாட்டில்லை. பெண் குரல்: "பயப்படாமச் சொல்லுங்க. இது இந்த ரூமை விட்டு வெளிய போகாது."

எங்கோ கேட்ட குரல். என்னுடையது.

பிறகு முறைப்பாடு சொன்ன ப.வின் குரல். (இங்கேயும் பெயர் வேண்டாம்.) கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி எங்கே கை வைக்கிறான், கையைத் தட்டிவிட்டால் எப்படி எடையைக் குறைக்கிறான். என்னிடம் மட்டும் சொன்னது. பஸ் நிறைய ஆள்.

"நாடகமா ட்ரைவரண்ணே?"

"நிப்பாட்டிறாதீங்க, நல்லாத்தான் போவுது!"

பின்சீட்டில் ஒருத்தி: "ஏய், இது நம்ம மேல் லயத்து வீட்டுப் புள்ள கொரலுல்ல?"

சிரிப்பு நின்றது. எழுந்து போய்ப் பென் டிரைவைப் பிடுங்கினேன். மச்சான் விழித்தார். "பாட்டு இருக்குன்னுதான் சுகந்தி குடுத்தா மிஸ்."

பட்டப்படிப்பில் இரகசியம் காப்பது பற்றி ஒரு முழுப் பாடம் உண்டு. அதில் பஸ் வரவில்லை.

ஜூலை 12, சனி

சுகந்தி அழுதாள். அனுப்பியதும் அழிக்க நினைத்தாளாம். மறந்தாளாம். பாட்டுக்காக மச்சான் கேட்டதும் அப்படியே கொடுத்துவிட்டாள்.

கேட்டவை:
பாஸ்வேர்ட்? இல்லை.
மச்சானிடமிருந்து வேறு யாருக்காவது? இன்னொரு பஸ்காரருக்கு. "பாட்டு மட்டுந்தான் மிஸ்."
கடைக் கம்ப்யூட்டரில் பிரதி? தெரியாது.

கடைக்கு நானே போனேன். கடைக்காரர், ஊருக்கெல்லாம் 'நானா', திரையை என் பக்கம் திருப்பினார். "பாருங்க மிஸ், ஒண்ணுமில்ல." கல்யாணப் பத்திரிகைகள், பயோடேட்டாக்கள், யாருடையவோ பாஸ்போர்ட்டுகள். பாதி ஊர் அங்கே கிடக்கிறது. ப.வின் பதிவு இல்லை. முழுக்க நம்பவில்லை.

ஜூலை 14, திங்கள்

கொழும்பிலிருந்து உத்தரவு. இனி எந்தப் பதிவையும் பென் டிரைவில் ஏற்றக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது. சரிதான். இண்டர்நெட் எப்போது வரும் என்பதற்கு ஒரு வரி இல்லை.

ப.வுக்கு போன். எடுக்கவில்லை. மாலையிலும் இல்லை.

குடை வாங்கியாயிற்று. தைலம் மறந்தது.

ஜூலை 16, புதன்

மழை விட்டிருக்கிறது. ப. நேரில் வந்தார், வேலைக்குப் போகாமல். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கங்காணி சொன்னானாம்: "அடடே, பஸ் பாட்டுக்காரி வந்துட்டாங்க! பாட்டுக்காரிக்குத் தனி மலை." கொழுந்து பறிக்கக் காட்டோர மலைக்கு மாற்றிவிட்டான். அங்கே கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது.

மன்னிப்புக் கேட்டேன். சுகந்தி கதவருகே நின்றாள். ப. அவளைப் பார்த்தார்.

முறைப்பாட்டை வாபஸ் வாங்கலாம், உங்கள் விருப்பம் என்றேன்.

"எதுக்கு மிஸ்? லயமே கேட்டுருச்சு. கேக்காதது தோட்டத்துத் தொரை மட்டுந்தான். நான் போய்ச் சொன்னா பாதியில எந்திரிச்சுப் போயிடுறாரு. அத ஒரு பென்னுல போட்டுக் குடுங்க, அவரு மேசையில வச்சிட்டு வர்றேன்."

உத்தரவைச் சொன்னேன்.

"நான் பேசுனத எனக்கே தர மாட்டீங்களா? பஸ்ஸுக்கு மட்டும் குடுப்பீங்க?"

சுகந்தி தலை குனிந்தாள்.

தோட்டத்துரை அதைப் போட்டுக் கேட்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதையும் சொன்னேன்.

"அவரு கேக்காட்டி ஒங்களுக்கென்ன மிஸ்? நான் குடுத்தேன்னு இருக்கும்ல."

கொழும்புக்கு என்ன எழுதுவது என்று பிறகு பார்க்கலாம். சுகந்தியைக் கடைக்கு அனுப்பினேன். புதிய பென் டிரைவ், ஒன்றும் ஏற்றாதது. நாளை காலை ப.வோடு துரை ஆபீசுக்கு நானும் போகிறேன்.