லயமே பார்த்த தாம்பாளம்

அன்புள்ள மகள் ஜெயந்தினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி நிலக்ஷியும் சுகம், மழையும் ஒரு குறையுமில்லாமல் சுகமாகப் பெய்துகொண்டிருக்கிறது, அந்த மட்டக்களப்பு வெயிலில் நீயும் உன் சிநேகிதி நிஷாந்தியும் நோய்நொடியில்லாமல் இருக்க நம் மாரியம்மாவைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொல்ல வந்தால் பாதியில் எனக்கு அழுகை வரும், மீதியில் லைன் வெட்டிவிடும். எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நீ எடுத்த படம் ஞாயிற்றுக்கிழமை நிலக்ஷியின் போனுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன், நீ ரயிலேறிப் போன பிறகு இங்கே நடந்த கூத்து உனக்கு முழுதாகத் தெரியாது. பெண்பிள்ளைகள் படுகிற பாட்டைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சின்னப் படம் எடுக்க வேண்டும், நம் தோட்டத்திலேயே எடுக்கிறோம் என்று லீவுக்கு நீங்கள் இரண்டு பேரும் கேமராவோடு வந்து நின்றீர்கள். கொழுந்தெடுக்கிற காட்சிக்கு வரச் சொன்னால் வேலாயியும் அவளோடு கொழுந்தெடுக்கிறவர்களும் கல்யாணச் சீலையும் தலை நிறையப் பூவுமாக மலைக்கு வந்து நிற்க, நீ தலையில் கைவைத்து, போய் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்பினாயே, வேலாயிக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் கூத்துக்குக் காரணம் சீலை இல்லை, தாம்பாளம். நிலக்ஷியை மணப்பெண்ணாக்கி, பெண் கேட்டு வருகிற காட்சிக்காக வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் எல்லாம் வைத்த தாம்பாளத்தை, ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கிற நம் லயத்தின் அந்தக் கோடியிலிருந்து நம் வாசல் வரைக்கும் தூக்கி வரச் சொன்னாய். என்ன ஆகும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. நம் லயத்தில் ஒரு தாம்பாளம் ஒரு வாசலுக்குள் போனால் வேறு அறிவிப்பு வேண்டியதில்லை. கேமராவும் இப்போது எல்லாக் கல்யாணத்துக்கும் வருகிறதுதானே. நீ போய் இரண்டாம் நாள், காலையில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கிற நேரத்தில், தோட்டத் தலைவர் இராமையா அண்ணன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, சின்னவளைக் கரைசேர்த்துவிட்டீர்கள் என்று சந்தோஷப்பட்டார். அப்பா முழித்த முழியையும் நீ படம் எடுத்திருக்கலாம்.

அந்தப் பேச்சு வட்டகொடைக்கும் போய்விட்டது. அங்கே ஒரு வீட்டில், கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகனுக்கு நிலக்ஷியைக் கேட்டிருந்தார்கள், பரீட்சை முடிவு வரட்டும் என்று நான் சொல்லி வைத்திருந்தது உனக்குத் தெரியும். முடிவு நல்லபடியாக வந்து, கல்வியியற் கல்லூரி நேர்முகத்துக்கு அவளுக்குக் கடிதமும் வந்திருந்தது. பௌர்ணமி போயா லீவன்று பையனின் அம்மா ஜீவராணி வந்து, எங்களைக் காத்திருக்க வைத்துவிட்டு யாரிடம் தட்டு வாங்கினீர்கள் என்று கேட்டார். படத்துக்காக என்று விளக்கினேன். படமோ நிஜமோ தட்டு வந்ததை லயமே பார்த்துவிட்டது, இனிப் பிள்ளை சும்மா இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று போய்விட்டார்கள் என்றுதான் ஊர் பேசும், அடுத்த போயாவுக்கு நாங்களே தட்டோடு வருகிறோம், படிப்பு போதும் என்றார். கெட்ட மனுஷி இல்லை, நமக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நானும் சரி வாங்க என்று சொல்லிவிட்டேன். நிலக்ஷி நேர்முகக் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் உன் படம் வந்தது. வேலாயியும் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்களும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மகளைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்கிற அம்மாவாக என்னையும் எதிரே மகளாக நிலக்ஷியையும் நிறுத்தி, எழுதிய வசனம் இல்லை, உங்களுக்கு வருகிறதைப் பேசுங்கம்மா என்று நீ சொன்னாயே, அந்த இடம் வந்தது. போனுக்குள் நான் பேசுகிறேன், "படிச்சு நீ என்ன கிழிக்கப் போற? நாளைக்கு நாலு பேரு முன்னால நான் தலை நிமிந்து நடக்க வேணாமா?" அக்கா என்னமா நடிக்கிறாங்க என்று வேலாயி என் தோளைத் தட்டிச் சிரித்தாள். படத்தில் நிலக்ஷி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் பார்க்கிறேன், உட்கார்ந்திருந்தவளைக் காணவில்லை, எழுந்து தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பக்கம் போய்விட்டாள். அப்போதுதான் மகளே எனக்கு உறைத்தது. நீ பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அன்று இதே வாசலில் உன்னிடமும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். உன்னை வழியனுப்ப பஸ் வரைக்கும்கூட வரவில்லை. நீ அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானே என் வாயால் சொல்வேன் என்று தெரிந்துதான் என்னைப் பேச விட்டிருக்கிறாய், கெட்டிக்காரிதான் நீ.

செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் வேலைக்குப் போகாமல் வட்டகொடைக்கு ரயிலேறினோம். ஜீவராணியிடம் என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தேன், அங்கே போனதும் நிலக்ஷியின் போனைக் கையில் கொடுத்துவிட்டேன். முழுதாகப் பார்த்தார். பார்த்து முடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இந்தப் புள்ள நெசமாவே அழுவுதா?" நான் சொன்னேன், "ஆமாங்க, நெசமாத்தான் அழுவுது. நானும் நெசமாத்தான் ஏசுறேன்." தனக்குத் தட்டு வந்த அன்று அழுவதற்கு ஆளில்லாத இடம் தேடிக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் போய் நின்றதாகச் சொன்னார். பிறகு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பிள்ளை படிக்கட்டும் என்றார். அவர் வீட்டுக்காரருக்குத்தான் கோபம், எங்களுக்கு முகம் கொடுக்கவில்லை. இங்கேயும் தட்டு திரும்பிப் போன பிள்ளை என்று பேசுகிறார்கள். மறுநாள் பெரட்டில் நானே இராமையா அண்ணனிடம் எல்லார் காதிலும் விழச் சொன்னேன், என் சின்ன மகளுக்குக் கல்யாணம் இல்லை, அவள் டீச்சருக்குப் படிக்கப் போகிறாள் என்று. சொல்லும்போது என் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

இருபத்திரண்டாம் திகதி நேர்முகம், நான்தான் கூடப் போகிறேன். உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லிப் பழக்கமும் இல்லை. உன்னால் ஒரு பிள்ளை தப்பினாள், நானும் தப்பினேன். உன்னிடம் மன்னிப்பும் கேட்கிறேன். வெறும் வயிற்றில் வகுப்புக்குப் போகாதே, வெயிலில் அலையும்போது குடை பிடி, கறுத்துப்போவாய் என்று சொல்லவில்லை, தலையிடி வரும் என்று சொல்கிறேன். நிஷாந்தியைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நினைத்த காரியமெல்லாம் கைகூடி, ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

மறக்காமல் ஒன்று செய். படம் முடிந்து பெயர்கள் வருகிற இடத்தில், நடிப்பு என்று எழுதி அதன் கீழே எங்கள் பெயரைப் போட்டிருக்கிறாய். பல்கலைக்கழகத்தில் கொடுப்பதற்கு முன்னால் என் பெயருக்கு மேலே இருக்கிற அந்தச் சொல்லை எடுத்துவிடு. நான் வெட்கப்படுவேன் என்று பெயரை மறைத்துவிடாதே, அது இருக்கட்டும். இப்படி ஒரு அம்மா தன் இரண்டு பிள்ளைகளிடமும் நிஜமாகவே இப்படித்தான் பேசினாள் என்று பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
நாகலெட்சுமி