தம்பிக்கு இரண்டு மணி நேரம்

மார்ச் 4, திங்கள்

இன்றும் மேகம். தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து வந்த விமானம் கயட்டூர் அருவிக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. அதில் தம்பி வில்டன் இருந்தான். பதினோரு வருடம் கழித்து வருகிறவன் என் தலைக்கு மேல் வந்துவிட்டுப் போகிறான். வழிகாட்டிச் சட்டையோடு ஓடுதளத்தின் ஓரத்தில் வாயைப் பிளந்து நின்றேன்.

மார்ச் 5

மழை. யாரைப் பார்த்தாலும் எரிச்சல்.

மார்ச் 6

ரேடியோவில் பேசினான். சனிக்கிழமை வருகிறார்களாம். ஆபீஸ் ஆட்களோடு சுற்றுலா. இரண்டு மணி நேரம், போட்டோ, உடனே திரும்புதல். படகில் ஒரு நாள் தூரத்தில், கிராமத்தில் அப்பா கால் வீங்கிக் கிடக்கிறார். நாலு நாள் தங்கிவிட்டுப் போயேண்டா என்று கெஞ்சினேன். லீவு இல்லையாம். நகரத்துக்குப் போகாதே என்று அப்பா தடுத்ததை இன்னும் கட்டிக்கொண்டு திரிகிறான். லீவாம், லீவு!

அப்பா மட்டும் லேசுப்பட்டவரா? "வந்தா வரட்டும்" என்கிறார். ஆனால் தினமும் மரவள்ளி அடை ஒன்று கூடுதலாகச் சுடச் சொல்கிறாராம். அது மிஞ்சிக் காய்ந்து போகிறது என்று படகுக்காரர் சொன்னார்.

மார்ச் 9, சனி

வந்தான். வெள்ளை ஷூ. என்னைக் கட்டிப்பிடித்தான், அடுத்த நொடியே கடிகாரத்தைப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுற்றுலாக்காரர்களை விட்டுவிடுவோம். ஆனால் எங்கள் இனத்து ஆள் அருவியை முதன்முதலாகப் பார்க்கும்போது கண்ணில் மிளகாய்ச் சாறு விட்டுக்கொள்ள வேண்டும். வெறும் கண்ணால் வெறித்துப் பார்த்தால் அருவிக்குக் கோபம் வரும். அருவி தெரியும் பாறைக்கு முன்னால், மிளகாய் நசுக்கி வைத்த இலைப் பொட்டலத்தை நீட்டினேன்.

"நான் இங்க பொறந்தவன்க்கா. எனக்கெதுக்கு?"

"பதினோரு வருஷம் கழிச்சு வந்தா நீயும் புது ஆளுதான். உன்னை அதுக்கு அடையாளம் தெரியுமோ என்னவோ."

கோபத்தில் சொல்லிவிட்டேன். அவனும் கோபத்தில் பிடுங்கி, ஒரு சொட்டு விடவேண்டிய இடத்தில் மொத்தத்தையும் பிழிந்துகொண்டான். பாவி, அளவுகூட மறந்துவிட்டது.

அருவி நெஞ்சுக்குள் இடிக்கிறது, இவன் கண்ணைத் திறக்க முடியாமல் பாறையில் உட்கார்ந்து துடிக்கிறான். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். மற்றவர்களை இன்னொரு வழிகாட்டி அழைத்துப் போய்விட்டார். வழுக்குப் பாறையில் இவன் கையைப் பிடித்து நடத்தி வந்தேன். மேகம் கூடுகிறது என்று விமானி காத்திருக்கவில்லை.

சத்தம் தலைக்கு மேல் போனதும், "போயிடுச்சாக்கா?" என்றான்.

"ம்."

அவன் கையை விடவில்லை. அடுத்த விமானம் புதன்கிழமைதான்.

நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேனா? தெரியவில்லை — கொஞ்சம்.

மார்ச் 10, ஞாயிறு

சாயங்காலம் படகு கிராமத்தை அடைந்தது. அப்பா வலை ஊஞ்சலில் படுத்திருந்தார். வில்டன் வாசலிலேயே நின்றுவிட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

"கண்ணுக்கு என்னடா?"

"மிளகாய்ப்பா."

எரிச்சல் நேற்றே அடங்கிவிட்டது. மிளகாய் எவ்வளவு நேரம் எரியும் என்று அப்பாவுக்குத் தெரியாதா? வீங்கிய காலை மெல்ல நகர்த்தி இடம் விட்டார்.

இன்று அடை மிஞ்சவில்லை.