டெனிஸ்டன் கொண்டுவந்த ஸ்ரிக்

டார்ம்ஸ்டாட்
14.03.2009

அன்பு மகள் கொறற்றிக்கு,

டிரெஸ்டன் குளிரும் பரீட்சையும் உன்னை வருத்தாதிருக்க மாதாவை மன்றாடி எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் அம்மாவின் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

அம்மாவின் முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து ஐந்து கிழமை. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். பொழுது போகாமல் நீ விட்டுப்போன பழைய கேம் பெட்டியில் கார்ப் பந்தயம் பழகிவிட்டார். இத்தனை வருடமாக லைசென்ஸ் எடுக்கப் பயந்த மனுஷி, முன்னால் போகிற காரை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறார்.

இரண்டு கிழமைக்கு முன் பெட்டி டிஸ்கை வாசிக்க மறுத்துவிட்டது. மன்னாரில் ரேடியோ திருத்தினவன் நான். இந்த வீட்டில் பழுதான எதையும் வேறொருவர் தொட்டதில்லை. பெட்டியைக் கழற்றி லென்ஸைத் துடைத்து மூன்று நாள் மினக்கெட்டேன். சரிவரவில்லை. அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல் உன் சிநேகிதன் டெனிஸ்டனைக் கூப்பிட்டுவிட்டார்.

அவன் பெட்டியைக் கழற்றவே இல்லை. உன் டிஸ்க்குகளைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, சிவப்புக் கயிறு கட்டிய விரலளவு யூஎஸ்பி ஸ்ரிக் ஒன்றில் ஏற்றி வந்தான். மெமரி கார்டிலும் ஏதோ புரோகிராம் போட்டிருந்தான். ஸ்ரிக்கை முன்பக்கத் துளையில் செருகியதும் கார் ஓடியது. தொடக்கப் படம் மட்டும் தடக்கித் தடக்கி வந்தது. நான் அதைச் சொன்னேன். "அந்தத் துளை பழசு அங்கிள், வேகம் காணாது" என்றான். அம்மாவுக்கு அதெல்லாம் கேட்கவில்லை. அன்றிலிருந்து டெனிஸ்டன் புராணம்தான். பருப்பில் உப்புக் கூடினாலும் அவனைக் கேட்பார் போலிருந்தது.

போன வியாழன் அம்மா முழங்கால் பயிற்சிக்குப் போயிருந்த நேரம் ஸ்ரிக்கை உருவிச் சட்டைப்பையில் போட்டேன். வந்து தேடினார். தெரியாது என்றேன். ஐம்பத்தாறு வயதில் மனைவியிடம் பொய் சொன்னேன், மகள்.

அம்மா போன் எடுத்துச் சொல்ல, டெனிஸ்டன் வேலை முடிந்த கையோடு வந்தான். வெறும் துளையைப் பார்த்தான். என் பையில் தொங்கிய சிவப்புக் கயிற்றையும் பார்த்தான். "பழசைத் தேடாதேங்கோ அன்ரி, அது பழுது, வேற கொண்டு வந்தனான்" என்று சொல்லிப் புதியதைச் செருகினான். போகும்போது வாசலில் என்னிடம் மெதுவாக, "மூடியைத் திறந்து பாத்தனான், லென்ஸில ஒரு கீறலும் இல்லை அங்கிள். நானெண்டால் உடைச்சிருப்பன்" என்றான். என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவனை வெறுக்க ஒரு சாட்டாவது கிடைத்திருக்கும். அதுவும் இல்லாமல் செய்துவிட்டான்.

அடுத்த நாள் அம்மா, கையில் பிடித்துக் கார் ஓட்டுகிற இரண்டாவது கன்றோலை என் மடியில் வைத்து, "இஞ்சாருங்கோ, அந்தப் பையில இருக்கிறதையும் வைச்சிட்டு வந்து ஓடுங்கோ" என்றார். ஐந்து முறை ஓடினோம், ஐந்திலும் நான் தோற்றேன்.

நத்தாருக்கு வந்தபோது டெனிஸ்டனைக் கட்டச் சம்மதமா என்று நீ கேட்டதும் நான் எழும்பிப் போனேன். ஈஸ்டருக்கு வரும்போது அவனுடைய தாய் தகப்பனையும் சாப்பாட்டுக்கு வரச்சொல்லு.

மாதா உன்னை ஆசீர்வதிப்பாராக. ஒன்றே ஒன்று, பிள்ளை. நாளைக்கு உங்கள் வீட்டில் ஏதாவது பழுதானால், அவன் கை வைக்க முன்னம் எனக்கு ஒருக்கால் சொல்லு.

அன்பு மாறாத அப்பா,
ஸ்ரனிஸ்லாஸ்