கூரை போன வீட்டில் இத்தா

12 பெப்ரவரி 2005
ஜன்னல் சீலைகளைத் தோய்த்து, இஸ்திரி போட்டு, மாட்டியாயிற்று. எழுபத்தாறு வயதில் இதற்கு எனக்கு ஆள் தேவையில்லை.

பக்கத்து வீட்டு அமீருன்னிசாவுக்கு இடியப்பம் கொண்டுபோனேன். கணவர் மஹ்மூத் கார்த்திகையில் இறந்ததிலிருந்து இத்தா இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்குவதில்லை, அந்நிய ஆண்கள் கண்ணில் படுவதில்லை. என்னவர் போன மறுவாரமே நான் வகுப்பில் படிப்பிக்க நின்றவள். ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதான். மதிக்கிறேன்.

15 பெப்ரவரி
பின்னேரம் சுழற்காற்று. அரிசி ஆலை ஒன்று தலைக்கு மேல் ஓடியது போல் சத்தம். குளியலறையில் இருந்து செபமாலை சொன்னேன். மாலையின் இரண்டாம் பத்து மணிகள் முடியுமுன் அடங்கிவிட்டது. எங்களுக்கு மூன்று ஓடு நட்டம். அமீருன்னிசாவின் கூரையில் பாதி தெருவுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது.

16 பெப்ரவரி
அவசரசேவைத் தொண்டர்கள் வந்தார்கள். அமீருன்னிசாவின் வாசலில் நின்று, பெண் தொண்டரை மட்டும் உள்ளே விட்டேன். ஆண்கள் மேலே தார்ப்பாய் கட்டினார்கள். முடிச்சு சரியில்லை, சொன்னேன். சீலிங் ஊறிவிட்டது, விழும், இன்றே வெளியேற வேண்டும் என்றாள் அந்தப் பெண். அமீருன்னிசா கேட்பதாயில்லை.

"வரமாட்டன், அன்ரி. தொண்ணூறில யாழ்ப்பாணத்தில எங்கட முஸ்லிம் சனத்தை இயக்கக்காரர் ரெண்டு மணித்தியாலத்தில வீட்டை விட்டு இறக்கினவங்கள். அப்ப என்ர மனுசன் பக்கத்தில நடந்து வந்தவர். இப்ப அவருக்காக இருக்கிற இத்தாவைக் குழப்பிப்போட்டு இறங்கச் சொல்லுறீங்களோ?"

ஒழுகும் இடங்களுக்கு வாளி வைத்துவிட்டு வந்தேன்.

17 பெப்ரவரி
மழை வரும் என்கிறார்கள். பள்ளிவாசல் மௌலவியைத் தொலைபேசியில் பிடித்து அவளிடம் கொடுத்தேன். வீடு ஆபத்தென்றால் கிட்டின வீட்டுக்குப் போய் அங்கே தொடரலாம், முறை அதேதான் என்றாராம்.

"கிட்டின வீடு உங்கட. ஆனா பாஸ்கர் தம்பி இருக்கிறாரே."

உண்மை. என் மகனுக்கு நாற்பத்துநாலு வயது, கல்யாணம் இல்லை, இருப்பது என்னோடு. கொஞ்ச நாளைக்கு வேறெங்காவது போய் இரு என்றேன்.

"அம்மா, நான் உங்கட மகன்."

"அதாலதான் சொல்லுறன். வேற ஆரைப் போகச் சொல்லுறது?"

"எவ்வளவு நாளைக்கு?"

"ஈஸ்டருக்கு முதல் முடிஞ்சிடும்."

வேறு புறநகரான பொயிண்ட் குக்கில் சிநேகிதன் யோகேஸ்வரனிடம் போகிறான். சேட்டுகளை நானே மடித்து வைத்தேன். "அவன்ர மனுசி உங்களை விட நல்லாச் சமைப்பா" என்றான். பொய்.

மத்தியானம் நானும் அந்தப் பெண் தொண்டரும் இரு பக்கமும் படுக்கை விரிப்பைப் பிடிக்க, அமீருன்னிசா நடுவில் நடந்து வந்தாள். தேநீர் குடிக்கையில் அவளது சீலிங் விழும் சத்தம் கேட்டது. இருவரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

20 பெப்ரவரி
பன்றியிறைச்சி பட்ட சட்டிகளைக் கராஜுக்கு அனுப்பினேன். என் குசினியில் அவள் வெங்காயத்தைத் தடிப்பாக வெட்டுகிறாள். சொன்னேன். கேட்கவில்லை.

6 மார்ச்
பார்க்க வந்த பாஸ்கருக்குக் கராஜில் கதிரை போட்டுச் சோறு கொடுத்தேன்.

"நாய்க்கு வைக்கிற மாதிரி இருக்கு, அம்மா."

"நாய் குறை சொல்லாது."

சாப்பிட்டபின் அவள் வீட்டின் மேல் ஏறித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினான். ஏறுமுன் என்னிடம் சொன்னான், கூரையிலிருந்து அவள் கண்ணில் படாதபடி எங்கள் ஜன்னல் சீலைகளை இழுத்துவிடுவதற்காக. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. முடிச்சும் சரி.

24 மார்ச், பெரிய வியாழன்
இத்தா முடிந்தது. புதுக் கூரையின் கீழ் அவள் தன் வீட்டுக்குப் போனாள். விரிப்பு பிடிக்க ஆள் தேவைப்படவில்லை.

27 மார்ச்
ஈஸ்டர். எங்கள் இருவருக்கும் அவள் வீட்டில் சாப்பாடு. பாஸ்கர் பழக்கத்தில் அவள் கேற்றடியிலேயே நின்றுவிட்டான்.

"ஏன் தம்பி அங்க நிக்கிறீங்க? உள்ள வாங்கோ."

அவன் என்னைப் பார்த்தான். அது அவளது வீடு. அழைப்பதும் அவள்தான். நான் கேற்றைத் திறந்து பிடித்தேன்.