ஐந்து காசுக்கு வாங்கிய பன்னிரண்டு காசு

அனுப்புநர்
பங்குதாரர் எண் 4417,
ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக்,
பேருந்துப் பணிமனைக்கு எதிர் மாடி அறை.

பெறுநர்
முதலீட்டாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
பங்குச்சந்தைக் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: தொழில் இல்லாத கம்பெனி சொத்து மதிப்பைத் தவறாகப் புரியும்படி வெளியிட்டது – விசாரணையும், என் பங்குக் கணக்குக்குச் சான்றும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முப்பத்தொரு ஆண்டுகள் லிஃப்ட் பழுது பார்த்தவன். லிஃப்டுக்குள் 'எட்டுப் பேர்' என்று எழுதியிருந்தால், அதற்கு மேலும் எடை ஏற்றிச் சோதித்த பிறகே எழுதியிருப்பார்கள். அச்சில் வந்த எண்ணை நம்புவது அங்கே தொற்றிய பழக்கம்.

2. மேற்படி கம்பெனி தன் குழாய்த் தொழிற்சாலையை விற்றுவிட்டு, பெயரையும் சந்தைப் பதிவையும் மட்டும் வைத்திருக்கும் ஷெல் கம்பெனி. கடன்களையும், நற்பெயர் போன்ற கண்ணுக்குத் தெரியாதவற்றையும் கழித்தபின் மிஞ்சும் 'நிகரப் புலனாகும் சொத்து' பங்குக்குப் பன்னிரண்டு காசு என்று ஆண்டறிக்கை சொன்னது. சந்தை விலை ஐந்து காசு. நாளைக்கே கடையை மூடினாலும் ஏழு காசு லாபம் என்று கணக்குப் போட்டு, ஓய்வுத் தொகையில் பாதியைப் போட்டேன். நான் மட்டும் நஷ்டப்பட்டிருந்தால் இந்த மனுவையே எழுதியிருக்க மாட்டேன். வீடு கட்ட வைத்திருந்த தன் பணத்தைப் போடும்படி என் தங்கையிடமும் சொன்னேன்.

3. அறிக்கையின் பதினான்காம் குறிப்பை நான் படிக்கவில்லை. பன்னிரண்டில் பதினொரு காசு ரொக்கம் அல்ல, வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்த முன்பணம் என்று அங்கே பொடி எழுத்தில் இருக்கிறது. வருமா வராதா என்று தெரியாத பணத்தையும் புலனாகும் சொத்தில் சேர்க்க விதி இடம் தருகிறதாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தெரியாதவனல்ல நான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

4. சென்ற மாதம், முன்பணம் வாங்கிய அந்த நிறுவனத்தின் முகவரியைத் தேடிப் போனேன். நம் கம்பெனி இருக்கும் அதே அறை. ஒரே மேசை, இரண்டு பெயர்ப்பலகை. இரண்டுக்கும் இயக்குநர் ஒருவரே என்றும், அவர் அந்தப் பக்கம் வந்தே ஓராண்டாகிறது என்றும் அங்கிருந்த பெண் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அந்த வாரத்தில் நான் பேசிய ஒரே ஆள் அவர்தான் என்பதால் சற்று அதிக நேரம் உட்கார்ந்துவிட்டேன். மனுவுக்குத் தேவையற்ற விவரம், மன்னிக்கவும்.

5. பங்கு இன்று அரைக் காசுக்கும் போகவில்லை. சென்ற ஆண்டு சில வாரங்கள் ஒன்பது காசுக்கு ஏறியது. பன்னிரண்டு வரட்டும், பொறு என்று தங்கையைத் தடுத்தவன் நானே. அந்த வாரங்களில் நான் சத்தமில்லாமல் விற்றுவிட்டதாக யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். "நீ மட்டும் தப்பிச்சுக்கிட்டு என்னை மாட்டிவிட்டுட்டியே அண்ணா" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. பதினொரு மாதம் ஆகிறது. எனக்கு வேறு யாரும் இல்லை. இந்த அறையின் மாற்றுச் சாவிகூட அவளிடம்தான் இருக்கிறது.

6. ஆகவே, அந்த முன்பணத்தை விசாரிக்கவும், இத்தகைய கம்பெனிகள் கையிருப்பு ரொக்கத்தைத் தனியே, பெரிய எழுத்தில் காட்ட உத்தரவிடவும் வேண்டுகிறேன். பணம் ஏதும் மீண்டால் முதலில் அவளுக்குச் சேரட்டும்.

7. மேலும், பங்குதாரர் பதிவேட்டைப் பார்த்து, எண் 4417 வாங்கிய நாள் முதல் இன்றுவரை ஒரு பங்கும் விற்கவில்லை என்று சான்று தர வேண்டுகிறேன். அதை எனக்கு அனுப்ப வேண்டாம். இணைப்பிலுள்ள தங்கையின் முகவரிக்கு, அலுவலக உறையில் அனுப்புங்கள். முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் யாராவது எழுதினால் நல்லது. என் கையெழுத்தைக் கண்டால் அவள் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறாள்.

நாள்: 17-09
இடம்: மேற்கண்ட அறை

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
பங்குதாரர் எண் 4417