கம்பப்பந்தும் கட்டிலடி மண்ணும்

மழை தவறாத மாநிலத்தின் ஒரே நிழலாய், பட்டத்து யானையும் தானாக வழிவிடும் பெருமை உடையவராய் வீற்றிருக்கும் கோப்பெருமாட்டி ஆலவல்லி தேவியாரின் திருமுன்னர், ஓய்வு கொடுத்து அனுப்பிய பின்னும் வாய் ஓயாத முன்னாள் பேரமைச்சன் இளங்காரி தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியாரின் அரண்மனை வாழ்க. அதன் அடுக்களை அதனினும் வாழ்க. இவ்வழக்கைத் தொட அஞ்சி அடியேனிடம் தள்ளிவிட்ட புதிய அமைச்சரும் அந்த நல்லறிவோடு நீடு வாழ்க.

வெள்ளியாற்றின் வடகரை நாட்டாருக்கும் தென்கரை நாட்டாருக்கும் கம்பப்பந்தில் உள்ள பகை தேவியார் அறியாததன்று. கையாலும் காலாலும் ஆடும் அப்பந்து, இரு நெடுங்கம்பங்களுக்கு நடுவே கட்டிய குறுக்குக்கட்டைக்கு மேலே பறந்தால் ஒரு புள்ளி, கீழே நுழைந்தால் மூன்று. அந்த ஒன்றுக்கும் மூன்றுக்குமாக இவர்கள் விட்ட கண்ணீரில் இரண்டு போகம் விளையும். பிண்டச் சோறு கொத்த வரும் காக்கையையும் எந்தக் கரைக் காக்கை என்று விசாரித்த பின்னரே வடகரையார் உண்ண விடுவர். தென்கரையாரோ வடக்கு நோக்கிக் கொட்டாவியும் விடார்.

இத்தகைய பகைக்கு நடுவே வடகரையின் தலையாய ஆட்டக்காரன் செங்கோடன், தென்கரையின் கம்பங்காக்கும் வேம்பனாரின் மகள் அல்லியங்கோதையை மணந்தான். அவன் உதைத்த பந்து கம்பத்தை விட்டு விலகி அவள் மடியில் விழுந்ததாம். திருப்பிக் கேட்கப் போனவன் பந்தை மறந்துவிட்டு வந்தானாம்.

மணத்தை இரு நாடும் எப்படியோ பொறுத்தன. ஆனால் அல்லியங்கோதை கருவுற்றதும் வடகரைச் சபைக்கு உறக்கம் போயிற்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது குலவழக்கு. பிறந்த மண்ணுக்கே ஆட வேண்டும் என்பது ஆட்டவிதி. செங்கோடன் பெற்ற பிள்ளை தென்கரைக்கு ஆடுவதா? சபைத்தலைவர் பெருஞ்சாத்தனார் வழி கண்டார். ஒரு வண்டி வடகரை மண்ணைக் கொண்டுபோய்ப் பிரசவக் கட்டிலின் கீழ் பரப்பிவிட்டால் பிள்ளை வடகரை மண்ணில் பிறந்ததாகும். செய்யத் தவறினால் செங்கோடன் இனிப் பந்தைத் தொடலாகாது.

இதைத் தயங்கித் தயங்கி அவன் மனைவியிடம் சொல்ல, அவள், “மண்ணைக் கொண்டாங்க, மலையைக் கொண்டாங்க, எனக்கு என்ன வந்துச்சு? வலி எடுக்கிறப்போ வாசல்ல நீங்க இல்லேன்னா மட்டும், அந்த மண்ணை உங்க தலையிலயே கொட்டிடுவேன்” என்று திருவாய் மலர்ந்தருளினாள்.

குறித்த நாளுக்கு முன்பே வலி கண்டது. செய்தி கேட்டதும் செங்கோடன் மண் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். பெருஞ்சாத்தனாரும் சபையாரும் சாட்சி சொல்லப் படகில் பின்தொடர ஏற்பாடு. ஆனால் படகில் யார் முதலில் ஏறுவது என்ற மரியாதைப் பூசலில் அவர்கள் இன்னும் கரையிலேயே நின்றார்கள். நடு ஆற்றில் சக்கரம் பள்ளத்தில் இறங்கிற்று, வண்டி சாய்ந்தது, வடகரை நாடு முழுதும் மீனுக்கு இரையாயிற்று.

திரும்பிப் போய் வேறு மண் அள்ளினால் வலி நேரத்தில் அவள் வாசலில் நிற்க முடியாமல் போகும். வெறும் வண்டியோடு போனால் பந்து போகும். செங்கோடன் நனைந்த கோழி போல் நின்று இரு கரையையும் பார்த்தான். பிறகு மாடுகளைத் தென்கரைக்கு ஓட்டி, எதிர்ப்பட்ட வயல் வரப்பை இரு கையாலும் பறித்து வண்டியை நிரப்பினான். அது அவன் மாமனாரின் வரப்பு என்பதைப் பதற்றத்தில் அவன் கவனிக்கவில்லை.

கட்டிலடியில் மண் பரப்பிய சிறிது நேரத்தில் சபையார் வந்து சேர்ந்தனர். பெருஞ்சாத்தனார் வாசலில் நின்ற வண்டியில் எஞ்சிய மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாவில் இட்டு, “இந்த ருசி வேற எந்த மண்ணுக்குடா வரும்? பெத்த தாய் மாதிரி இனிக்குதே” என்று கண் கலங்கினார். வேம்பனார் விடுவாரா? அவரும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுத் தூவென்று உமிழ்ந்து, “உப்பு, வெறும் உப்பு. இந்த மண்ணுல விளைஞ்சதைத் தின்னுட்டுத்தான் நீங்க கட்டைக்கு மேலேயே அடிக்கிறீங்க” என்றார். தம் சொந்த வரப்பை அவர் பழித்த அந்நொடியில் உள்ளே பிள்ளை அழுதது. வாசலில் நின்ற செங்கோடனும் அழுதான்; ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் அவன் முதுகில் தட்டினார்கள்.

மண் எமது என்கிறது வடகரை. கூரை எமது என்கிறது தென்கரை. தடி எடுக்கும் நிலையில்தான் அடியேன் வந்து சேர்ந்தேன். செங்கோடன் அடியேன் தங்கியிருந்த மாந்தோப்புக்குத் தனியே வந்து நடந்ததை உரைத்து, “ஐயா, சொன்னா என் ஊர் என்னைத் தள்ளிடும், சொல்லாட்டி என் பிள்ளை காலமெல்லாம் பொய்யில நின்னு ஆடும். ஓலையில மட்டும் எழுதிடாதீங்க” என்று கால் பற்றினான். எழுதுவதில்லை என்று வாக்களித்தேன். ஆதலால் வண்டி சாய்ந்த பகுதியைத் தேவியார் படியாமல் தாண்டியருள வேண்டும்.

தேவியார் முத்திரையிட்டு இரு சபைக்கும் விடுக்க வேண்டிய ஆணை இது: இரு நாட்டு மூத்தோரும் அவரவர் மண்ணின் சுவையை அறிந்தவர் என்று தாமே மெய்ப்பித்துவிட்டமையால், ஆண்டுதோறும் ஆட்டம் தொடங்குமுன் பெருஞ்சாத்தனும் வேம்பனும் கண்ணைக் கட்டிக்கொண்டு இரு கரை மண்ணையும் உண்டு, எது எவருடையது எனப் பிழையின்றிக் கூறுக. கூறும் ஆண்டில் இவ்வழக்கு எடுத்துக்கொள்ளப்படும். அதுவரை எவரும் எவரையும் தள்ளலாகாது. இப்பிள்ளை விரும்பிய கரைக்கு ஆடுக.

மண்ணைப் பற்றி மூச்சுவிடாமல் வழக்காடிய இவர்களில் ஒருவரும், பிறந்தது ஆணா பெண்ணா என்று இந்நேரம் வரை கேட்கவில்லை. பெண், தேவியாரே. வாழ்த்தக் குனிந்த அடியேனை அவள் உதைத்த உதையில் தலைப்பாகை எழும்பி வீட்டு உத்தரத்துக்கு மேலே பறந்து அப்பால் விழுந்தது.

ஒரு புள்ளி. இதற்கு அடியேனே சாட்சி. இது என் முத்திரை.