ஒன்பது துண்டாக ஒரு ஆள்

பால்மா வந்த தகர ரின்னுக்குள் போட்டு வைத்திருந்த பிளொப்பித் தட்டை இன்று வெளியே எடுத்தேன். ஒட்டிய தாளில் உன் சரிந்த எழுத்து: ‘பதிவு, கடைசி’. மண்ணெண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. கொக்குவிலில் எங்கள் அலுவலக ஜெனரேற்றரின் மணம். நான் இப்போது இருப்பது சாவகச்சேரியில், இடம்பெயர்ந்த சனம் நிறைந்த ஒரு பள்ளிக்கூடத்தில். இதிலுள்ள எங்கள் நிரலைப் போட்டுப் பார்க்க இங்கே கொம்பியூட்டர் இல்லை.

இடம்பெயர்ந்தவர்களைப் பதிந்து, அவர்கள் காணாமல் தேடும் உறவு எங்கே இருக்கிறது என்று தாள் துண்டில் அச்சடித்து, தேடுகிறவர் தங்கியிருக்கும் இடத்துக்கு அனுப்புவதுதான் எங்கள் வேலை. பகலில் இரண்டு மணித்தியாலம்தான் ஜெனரேற்றர் ஓடும். நிரலில் துண்டை அச்சடிக்கும் பகுதியை, அந்தப் பங்ஷனை, நீ எழுதினாய். அதைக் கூப்பிடும் வரிகளை நான் எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் ஒன்பது விவரங்களை ஒழுங்கு மாறாமல் கொடுக்க வேண்டும்: தேடுகிறவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, இருக்கிற ஊர், சொந்த ஊர் என்று நீளும்.

நீதான் முதலில் முகம் சுளித்தாய்.

“எடியே, உது ஒரு ஆள். ஆளை ஒன்பது துண்டா வெட்டித் தாறம். எந்தத் துண்டு எங்கை போகுதெண்டு மெசினுக்கு என்ன தெரியும்? எல்லா விவரத்தையும் ஒண்டாக் கட்டி ‘ஆள்’ எண்டு ஒரு ஒப்ஜெக்ட் செய்து, அதை முழுசாக் குடுப்பம்.”

“எல்லா வரியும் மாத்த வேணுமே. நாலு நாளாவது போகும்.”

“பெரியவரிட்டைப் போய் நாலு நாள் கேள். நீதானே பட்டதாரி. நீ சொன்னாக் கேப்பினம்.”

எங்கள் வீட்டில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். ஆனாலும் அலுவலகப் பெரியவரின் அறை வாசல்வரை போய், அவர் நிமிர்ந்து பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன். பிறகு கேட்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ நம்பினாய்.

எங்கள் சனத்திடம் எந்த ஊர் என்று கேட்டால், எத்தனை வருடம் வேறிடத்தில் இருந்தாலும் பிறந்த ஊரைத்தான் சொல்வார்கள். என் விரல்களும் ஒரு வரியில் அப்படியே சொல்லிவிட்டன. சொந்த ஊர் முன்னே போனது, இருக்கிற ஊர் பின்னே போனது. இரண்டும் ஊர்ப் பெயர்தானே, நிரலில் பிழை பார்க்கும் கொம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை.

துண்டுகளைக் கொண்டுபோகும் அண்ணை ஒரு கட்டோடு திரும்பி வந்தார். “பிள்ளையள், குருநகருக்கு ஒரு கட்டுத் தந்திருக்கிறியள். அங்கை இப்ப ஆர் இருக்கினம்? நாயும் இல்லை.”

“அப்ப நாய்க்கும் ஒரு துண்டு அடிப்பம்” என்று சிரித்தபடி கட்டை அவிழ்த்தாய். முதல் துண்டோடு சிரிப்பு நின்றது. அது குருநகரில் உன் எதிர்வீட்டு மாமாவுக்குரியது. மகனைத் தேடியபடி மூன்று மாதமாகச் சுன்னாகத்து முகாமில் இருந்தார். மகன் கிளிநொச்சியில் இருக்கிறான் என்று துண்டில் இருந்தது.

நீ என்னை ஏசவில்லை. “நான் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன். நீ அந்த வரியைப் பார்” என்று சைக்கிளை எடுத்தாய்.

சுன்னாகம் வீதியில் ஷெல் விழுந்தது. உன் உடலை எடுத்து வந்தார்கள், துண்டுகளை யாரும் பொறுக்கவில்லை. நான் திருத்தி அச்சடித்து அனுப்பியபோது மாமா அந்த முகாமில் இல்லை. எங்கே போனார் என்று எவருக்கும் தெரியவில்லை.

இன்று பழைய கொப்பி ஒன்றில் நீ சொன்ன ‘ஆள்’ ஒப்ஜெக்டை எழுதிப் பார்த்தேன். பெயர்கள் ஒரு பக்கம், ஊர்கள் ஒரு பக்கம், ஒவ்வொன்றும் தான் எதுவென்று சொல்லும் பெயரோடு. பங்ஷனுக்குள் போவது ஒன்றே ஒன்று. கூப்பிடும் வரிகளையும் மாற்றி எழுதினேன். நாலு நாள் தேவைப்படவில்லை. ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. நான் யாரிடமும் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

இது சரியா என்று பார்க்க மெசினும் இல்லை, நீயும் இல்லை.

எழுதி முடித்த நேரம், இங்குள்ள சனத்தைப் பதிகிற பதிவுக்காரர் வந்தார். “பிள்ளை, ஊர்?”

“உரும்பிராய்” என்றேன்.

“அதில்லை. இப்ப இருக்கிற இடம்.”